வாசகர் கேள்வி – பதில்: விசாவில் எழுதிய சம்பளமும் நோட்டில் எழுதிய மணிக்கணக்கும்

பிரிட்டன் மீன்பிடிப் படகுகளில் வேலைக்குப் போனவர்களும், போக முயல்கிறவர்களும், வீட்டிலிருந்து காத்திருப்பவர்களும் எழுதிய கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் படகுகளின் பெயர்களையும் விலக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் 2024 இறுதியில் திறன்மிகு பணியாளர் விசாவில் ஸ்காட்லாந்து சென்றார். இறால் பிடிக்கும் இழுவைப் படகில் வேலை. ஆண்டுக்கு 30,960 பவுண்டு என்று ஒப்பந்தத்தில் உள்ளது. மாதம் 2,580 பவுண்டு என்று கணக்கிட்டு, வரி முதலியவை போக மீதி தவறாமல் வருகிறது. அவர் தினமும் வேலை நேரத்தை ஒரு சிறிய நோட்டில் குறித்து வைப்பவர். அதில் ஒரு வாரத்துக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினார். கூட்டிப் பார்த்தால் 84 மணி நேரம் வருகிறது. படகு முதலாளியிடம் கேட்டதற்கு, "விசாவுக்கு அரசாங்கம் கேட்கும் தொகையைக் கொடுக்கிறேன், அது குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகம்தான்" என்றாராம். அவர் சொல்வது சரியா? (வாசகி, குளச்சல்)

பதில்: முதலாளி சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை அந்த நோட்டைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இங்கே இரண்டு தனித்தனிச் சட்டங்கள் வேலை செய்கின்றன. ஒன்று குடியேற்ற விதி. வெளிநாட்டுப் பணியாளருக்கு விசா ஆதரவு தரும் நிறுவனம் ஆண்டுக்கு இவ்வளவு சம்பளமாவது உறுதியாகத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. 2024 ஏப்ரலில் பொதுவான வரம்பு 38,700 பவுண்டாக உயர்ந்தபோது, ஆள் பற்றாக்குறை உள்ள சில வேலைகளுக்கு மட்டும் 30,960 பவுண்டு என்று சலுகை தரப்பட்டது. 9 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளின் தளப் பணியாளர்கள் அந்தச் சலுகைப் பட்டியலில் இருந்தார்கள். உங்கள் கணவரின் ஒப்பந்தத் தொகை அங்கிருந்து வந்ததுதான். 2025 ஜூலை 22 முதல் இந்த இரண்டு வரம்புகளும் 41,700, 33,400 என்று உயர்ந்துவிட்டன.

மற்றொன்று 1998ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். அதற்கு விசாவைப் பற்றிய கவலையே இல்லை. உள்ளூர்க்காரரானாலும் குளச்சல்காரரானாலும், உழைத்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை சேர வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. 21 வயது நிரம்பியவர்களுக்கு அந்தத் தொகை 2024 ஏப்ரலிலிருந்து 11.44 பவுண்டு, 2025 ஏப்ரலிலிருந்து 12.21 பவுண்டு, 2026 ஏப்ரலிலிருந்து 12.71 பவுண்டு. நம் வீடுகளில் பவுண்டை ரூபாயால் பெருக்கிப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறோம். மணியால் வகுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. 30,960 பவுண்டை 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 595 பவுண்டு. அதை 84 மணியால் வகுத்தால் மணிக்கு 7.09 பவுண்டு.

ஆனால் அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு சட்டமீறல் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆண்டுச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு, ஒப்பந்தத்தில் கண்ட ஆண்டு மொத்த மணிநேரத்தை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். சில வாரம் கடலில் அதிகம் உழைத்து, சில வாரம் காற்றுக்குப் பயந்து துறைமுகத்தில் கட்டிக் கிடந்தால் இரண்டும் ஈடாகிவிடலாம். வாரத்துக்கு 48 மணி என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஆண்டுக்கு 2,496 மணி நேரம். அதை 12.21ஆல் பெருக்கினால் 30,476 பவுண்டு வருகிறது. ஆக, 30,960 பவுண்டு என்பது 48 மணி நேர வாரத்துக்கு மட்டும் மயிரிழையில் போதுமான சம்பளம். உங்கள் கணவர் வாரா வாரம் 84 மணி உழைத்தால் அந்த ஆண்டு முழுவதற்குமான மணிநேரம் முப்பதாவது வாரத்திலேயே ஏறக்குறைய தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் முதலாளி தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். 2026 ஏப்ரலில் மணிக்கு 12.71 பவுண்டு ஆனதும், அதே 48 மணி நேர வாரத்துக்கே ஆண்டுக்கு 31,724 பவுண்டு தேவைப்படுகிறது. பழைய 30,960 பவுண்டு ஒப்பந்தம் 48 மணி நேரத்துக்குப் போடப்பட்டிருந்தால், கூடுதலாக ஒரு மணி உழைக்காவிட்டாலும் அது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போய்விடும். விசா கொடுத்தபோது சரியாக இருந்தது என்பது அங்கே பதிலாகாது.

சம்பளக் கணக்கு இப்படி இருக்க, உழைப்பு நேரத்துக்கும் தனியே ஒரு வரம்பு உண்டு. 24 மணி நேரத்தில் 10 மணி, ஏழு நாளில் 77 மணி கட்டாய ஓய்வு என்று கடல் மீனவர்களுக்கான வேலைநேர விதி சொல்கிறது. வாரத்தில் உள்ள 168 மணியில் 77 போனால் 91. ஆகவே 84 மணி என்பது அந்த வாரத்தைப் பொறுத்தவரை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் வருகிறது. தினசரி ஓய்வு கிடைத்ததா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் அதே விதி, 52 வாரச் சராசரி 48 மணியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது.

இனி, அந்த நோட்டைப் பற்றி. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு நாளின் குறிப்பு இப்படி இருக்கிறது: "3.40 வலை விட்டது. 8.15 இழுப்பு. 10 வரை தரம் பிரிப்பு, தலை கிள்ளல். 10.20 மறுபடி வலை. 11 – 2 தூக்கம். 2 – 4 வீல் பார்த்தேன்." மிக நல்ல குறிப்பு. தூங்கிய மூன்று மணியைத் தனியாக எழுதியிருப்பதால் மற்ற நேரங்களும் நம்பும்படி இருக்கின்றன. படுக்கையில் தூங்கும் நேரம் வேலை நேரமாகாது. வலை இழுப்பது, இறாலைப் பிரிப்பது, ஐஸ் போடுவது, படகு ஓடும்போது காவல் பார்ப்பது (குறிப்பில் "வீல் பார்த்தேன்" என்பது இதுதான்), கரைக்கு வந்த பின் பெட்டி இறக்குவது, துறைமுகத்தில் வலை பின்னுவது எல்லாம் வேலை நேரம். வலை போட்டுவிட்டு இழுப்புக்காக விழித்துக் காத்திருக்கச் சொன்னால் அதுவும் சேரும். துறைமுக வேலைகளும் இந்தக் காத்திருப்பும் அவருடைய குறிப்பில் இல்லை. துறைமுக நாட்களையும் எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் புகார்களை 2026 ஏப்ரல் வரை அந்நாட்டு வருவாய் மற்றும் சுங்கத் துறை விசாரித்துவந்தது; அதன் பிறகு அந்தப் பொறுப்பு ஃபேர் வொர்க் ஏஜென்சி என்ற புதிய அரசு அமைப்புக்கு மாறியிருக்கிறது. ஏகாஸ் என்ற அரசு ஆலோசனை அமைப்பு கட்டணமின்றி வழிகாட்டும். குறைத்துக் கொடுத்தது உறுதியானால் முதலாளி நிலுவையுடன், அதைப்போல இரண்டு மடங்கு வரை அபராதமும் கட்ட நேரிடும். அபராதத்துக்கு ஒரு பணியாளருக்கு 20,000 பவுண்டு என்ற உச்ச வரம்பு உண்டு. தீர்ப்பாயத்துக்குப் போனால், குறைவாகக் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று 1998 சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. பலருக்கும் தெரியாத, தொழிலாளிக்கு மிகவும் சாதகமான பிரிவு அது.

அச்சம் எதில் என்பதும் எனக்குத் தெரியும். வேலை போனால் விசாவும் போய்விடும். விசா ஆதரவு நின்றதும் உள்துறை அமைச்சகம் வழக்கமாக 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் ஆதரவு உரிமம் உள்ள வேறு முதலாளியைத் தேட வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். ஆகையால் புகார் எழுதுவதற்கு முன், சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் மீன்பிடிப் பிரிவினரிடம் பேசிவிட்டு அடுத்த அடியை வைப்பது நல்லது என்பதே என் எண்ணம்.

கேள்வி: எங்கள் ஊரில் தங்கல் போகும் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும்) விசைப்படகுகளில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தில்தான் பங்கு. பிரிட்டனிலும் பங்கு முறை இருக்கிறது, நல்ல சீசனில் சம்பளத்தைவிட அதிகம் கிடைக்கும், பங்குக்கே சம்மதியுங்கள் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், தூத்தூர்)

பதில்: பங்கு முறை அங்கே இருப்பது உண்மை. ஆனால் உங்கள் விசாவுக்கு அது பொருந்தாது.

குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, படகின் வருமானத்தில் பங்கு மட்டுமே பெறும் மீனவரைச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைக்கிறது. மீன் கிடைக்காத பயணத்தில் அவருக்கு ஒரு பென்னி வராவிட்டாலும் சட்டம் கேட்காது. பங்கு மீனவர்கள் அங்கே சுயதொழில் செய்பவர்களாகவே வரி கட்டுகிறார்கள். அந்த ஊரில் பிறந்து, அடுத்த வாரம் வேறு படகுக்கு மாறிக்கொள்ளக்கூடிய மனிதருக்கு அது லாபமான ஏற்பாடாக இருக்கலாம். ஒரே முதலாளியோடு விசாவால் கட்டப்பட்ட நமக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டது இது: திறன்மிகு பணியாளர் விசாவுக்கான வரம்பில் உறுதி செய்யப்பட்ட அடிப்படைச் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். மிகைநேர ஊதியம், போனஸ், தங்குமிட மதிப்பு, பங்கு எதுவும் சேராது. உங்களை 33,400 பவுண்டு சம்பளம் என்று காட்டி அழைத்துப்போய், அங்கே பங்குக்கு மாற்றினால், விண்ணப்பத்தில் சொன்ன சம்பளத்தைத் தராத குற்றம் முதலாளியைச் சேர்ந்தது. ஆனால் உரிமம் ரத்தானால் விசாவை இழப்பவர் நீங்கள். சம்பளத்துக்கு மேலே, நன்றாக ஓடிய பயணத்துக்கு ஒரு பங்கு என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

கூடவே கேட்டிருக்கும் மற்றச் சந்தேகத்துக்கும் சொல்லிவிடுகிறேன். தளப் பணியாளர் வேலைக்கு மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். நம்மூர் ஆழ்கடல் அனுபவத்தைக் காட்டப் படகு உரிமையாளரின் கடிதம், மீன்வளத் துறை அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆங்கிலத் தேர்வு 2026 ஜனவரி 8 முதல் பி-2 நிலைக்கு உயர்ந்துவிட்டது. சூறையும் சுறாவும் பிடிப்பதில் தூத்தூர்க்காரர்களுக்கு நிகர் இல்லை என்று கடற்கரை முழுக்கத் தெரியும். கட்டுரை எழுதும் தேர்வில் அது செல்லாது என்பதுதான் சங்கடம். இப்போது புதிதாக இந்த வேலைக்குப் போகிறவர்கள் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லவும் முடியாது. சலுகைப் பட்டியலையே எடுத்துவிடப் போவதாக 2025 மே மாதத்தில் அரசு அறிவித்திருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பணத்தைப் போடுங்கள்.

கேள்வி: படகு 12 மைலுக்கு வெளியே மீன் பிடித்தால் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, டிரான்சிட் விசாவிலேயே போகலாம், மாதம் 673 டாலர் சர்வதேச விகிதம் என்று சொல்கிறார்கள். இதற்கும் மேலே நீங்கள் எழுதும் சம்பளத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறதே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

டிரான்சிட் விசா என்பது பிரிட்டன் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் ஏறி, நாட்டின் கடல் எல்லையைத் தாண்டிப் போகிறவருக்கான அனுமதி. சரக்குக் கப்பல் மாலுமிக்காக வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் பெரும்பாலும் வேலை என்று காட்டி, மீன்பிடிப் படகுகளுக்கும் ஆண்டுக்கணக்கில் அதைப் பயன்படுத்திவந்தார்கள். அந்த மனிதர் சட்டப்படி நாட்டுக்குள் குடியிருப்பவர் அல்லர் என்பதால், பயணத்துக்குப் பயணம் துறைமுகத்தில் கட்டிய படகிலேயே தூங்க வேண்டும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று 2022இல் இத்தகைய தொழிலாளர்களைக் கேட்டு வெளியிட்ட அறிக்கையில், சராசரி ஊதியம் மணிக்கு 3.51 பவுண்டு என்றும், பாதிக்கு மேற்பட்டோர் ஒரே தொடர்ச்சியில் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்தார்கள் என்றும் பதிவாகியிருக்கிறது.

2022ஆம் ஆண்டின் குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டத்தின் 43ஆம் பிரிவு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், 12 மைலுக்குள் வேலை செய்ய வெளிநாட்டவருக்குப் பணி விசா வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கும் வெளித் தீவுகளுக்கும் நடுவே உள்ள மின்ச் நீரிணையைப் போன்ற இறால் களங்கள் முழுவதும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கியவை. அங்கே ஓடும் படகுக்கு டிரான்சிட் விசாவில் ஆள் எடுத்தால், பிடிபடும்போது சட்டத்தை மீறியவராக நிற்பது படகில் இருக்கும் நீங்களும்தான்.

அடுத்து, 12 மைலுக்கு வெளியே போனால் குறைந்தபட்ச ஊதியம் அறவே இல்லை என்பதும் தவறு. பிரிட்டனில் பதிவு செய்த கப்பலில் வேலை செய்பவரை நாட்டுக்குள் வேலை செய்பவராகவே கருத வேண்டும் என்று 1998 சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. வேலை முழுவதும் நாட்டுக்கு வெளியே நடந்தாலோ, அவர் சாதாரணமாக அந்நாட்டில் வசிப்பவராக இல்லாவிட்டாலோ மட்டும் விலக்கு. திறன்மிகு பணியாளர் விசாவில் போய், பீட்டர்ஹெட்டிலோ கில்கீலிலோ வாடகை அறையில் வசித்து, அந்தத் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போய் வருபவர், படகு 12 மைலைத் தாண்டிய நொடியில் அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை. டிரான்சிட் விசாக்காரரை அந்த விலக்குக்குள் தள்ளுவது எளிது. ஏஜென்ட்டுகள் அதை விரும்புவதற்குக் காரணமும் அதுவே.

673 டாலர் என்பது 2025க்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மூலம் வகுக்கப்பட்ட, வணிகக் கப்பல் மாலுமியின் மாத அடிப்படைச் சம்பளம். அதற்கு ஆதாரமான 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, மீன்பிடிக் கலங்களைத் தன் எல்லையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. மீன்பிடித் தொழிலுக்கு 2007ஆம் ஆண்டின் 188ஆம் எண் உடன்படிக்கை தனியாக இருக்கிறது. பிரிட்டன் 2019இல் அதை ஏற்றது. எழுத்தில் வேலை ஒப்பந்தம், ஓய்வு நேரம், ஊருக்குத் திரும்பும் செலவு எல்லாம் அதில் உண்டு. 673 டாலர் அதில் இல்லை.

கேள்வி: கடற்றொழிலாளியான என் மகன் பிரிட்டன் போக முகவருக்குப் பெருந்தொகை கொடுத்திருக்கிறோம். இப்போது அங்கே சம்பளத்தில் சாப்பாட்டுக்கும், ரப்பர் உடைக்கும், உரிமக் கட்டணத்துக்கும் என்று பிடிக்கிறார்கள். எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது? (வாசகர், மன்னார்)

பதில்: நான் மேலே சொன்ன 188ஆம் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, வேலை தேடித் தருவதற்கான கட்டணத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ மீனவரின் தலையில் கட்டக் கூடாது என்கிறது. முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்று பார்த்து, இரசீதுடன் அங்கே முறையிடுங்கள். இந்திய வாசகர்களுக்கு: பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

பிடித்தங்களில், முதலாளி தன் ஆதரவு உரிமத்துக்கும் ஆதரவுச் சான்றிதழுக்கும் கட்டும் பணத்தை 2024 டிசம்பர் 31 முதல் பணியாளரிடமிருந்து வசூலிக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணியாளரை எடுப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் குடியேற்றத் திறன் வரியை எப்போதுமே வசூலிக்கக் கூடாது. விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டான உடல்நலக் கூடுதல் கட்டணமும் மகன் பொறுப்பில் விடப்படலாம்.

வேலைக்குக் கட்டாயமான ரப்பர் உடைக்கும் பூட்சுக்கும் பிடித்தால், அந்தத் தொகையைச் சம்பளத்தில் கழித்துவிட்டுத்தான் மணிக்கணக்குப் பார்க்க வேண்டும். கழித்த பின் மணிக்கு உரிய தொகைக்குக் கீழே போனால் அது குறைத்துக் கொடுத்ததே. சாப்பாட்டுப் பிடித்தமும் அப்படியே. தங்குமிடத்துக்கு மட்டும் ஒரு சிறு சலுகை முதலாளிக்கு உண்டு: நாளொன்றுக்கு 2025 ஏப்ரலிலிருந்து 10.66 பவுண்டு வரை, 2026 ஏப்ரலிலிருந்து 11.10 பவுண்டு வரை எடுத்தால் குறைந்தபட்ச ஊதியக் கணக்கு பாதிக்கப்படாது. மகன் முன்பணமாக வாங்கிய கடனைத் திரும்பப் பிடிப்பது வேறு. அதற்கு இந்தத் தடை இல்லை. ஆகவே சம்பளச் சீட்டில் "முன்பணம்" என்று எழுதிப் பிடித்திருந்தால், அப்படி ஒரு முன்பணத்தை அவர் உண்மையில் வாங்கினாரா என்று முதலில் கேளுங்கள். ரப்பர் உடையின் விலையை முன்பணம் என்று எழுதிய சீட்டு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மீன்பிடி வேலையைப் போலவே வேட்டைத் தோட்டங்களில் பறவை வளர்த்துக் காவல் காக்கும் வேலைக்கும் விசா உண்டாமே? நான் வனப்பகுதியில் வேலை பார்த்தவன். (வாசகர், கூடலூர்)

பதில்: வேட்டைக் காவலர் வேலையும் பங்கு மீனவர், இழுவைப் படகுத் தலைவர் வேலைகளும் பிரிட்டனின் தொழில் வகைப்பாட்டில் 5119 என்ற ஒரே எண்ணின் கீழ் வந்தவை. அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சலுகைப் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே "மீன்பிடித் துறை வேலைகள் மட்டும்" என்று எழுதியிருக்கிறது. பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான வேலைகளில், பட்டியலில் இல்லாதவற்றுக்கு 2025 ஜூலை 22க்குப் பிறகு புதிதாக விசா ஆதரவு தர முடியாது. எனவே வேட்டைக் காவலர் வேலைக்கு இப்போது வழியில்லை. முன்பே அந்த விசாவில் போய் வேலையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன மணிக்கணக்கு அப்படியே பொருந்தும்: தோட்டத்திலேயே தரும் வீட்டுக்கு மேலே சொன்ன தங்குமிட வரம்பைத் தாண்டிச் சம்பளத்தில் கழிப்பதும், குஞ்சு பொரிக்கும் பருவத்தில் விடியுமுன் எழுந்து கொட்டகை பார்ப்பதை வேலை நேரத்தில் சேர்க்காமல் விடுவதும் அங்கே கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள். கூடலூரில் இருந்தபடி இதற்கென்று யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.